மாங்காட்டில் ஆறு வாரம் துருக்கி!

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் நடுவில் இருக்கிறது மாங்காடு. ஒரு காலத்தில் மாமரங்கள் அடர்ந்த காடாக இருந்ததால் அந்தப் பெயர். இன்றைக்கு அங்கே மாமரங்களை எண்ணுவது சுலபம். அபார்ட்மெண்டுகளை எண்ணுவதுதான் கஷ்டம்.

ஆனால் ஒன்று மட்டும் மாறவே இல்லை. காமாட்சி அம்மன் கோயில் தெருவில் குவித்து வைத்திருக்கும் எலுமிச்சம்பழம்! ஏதாவது ஒரு கிழமையைப் பிடித்துக்கொண்டு, அதே கிழமையில் தொடர்ந்து ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வந்து வேண்டிக்கொண்டால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. கல்யாணம் ஆகாதவர்கள், குழந்தை இல்லாதவர்கள், வேலை கிடைக்காதவர்கள், வேலை கிடைத்தும் சம்பளம் கிடைக்காதவர்கள் என்று சகலரும் வருகிறார்கள்.

மாங்காட்டிலேயே குடியிருக்கும் என் அக்காவின் வேண்டுதல் கொஞ்சம் புதுசு.

"தாயே, என் புள்ள துருக்கி பாஷையை சீக்கிரம் கத்துக்கணும்!"

அம்பாளே ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள்.

விஷயம் இதுதான். அக்கா பையன் மெக்கானிகல் டிப்ளமோ. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அவனை இரண்டு வருஷத்துக்குத் துருக்கியில் இருக்கும் புர்சா என்ற ஊருக்கு அனுப்புகிறார்கள். புர்சா அந்த நாட்டின் கார் தொழிற்சாலை நகரங்களில் ஒன்று. நம்ம ஸ்ரீபெரும்புதூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பனி மலையோடு! மெஷின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியோடும், வீட்டு சொந்தக்காரரோடும் இங்கிலீஷில் பேசிச் சமாளிக்க முடியாது. ஆறு வாரத்தில் ஓரளவாவது துருக்கி மொழி தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை செல்போனில் பாடம். அங்காராவில் இருக்கிற ஒரு டீச்சரம்மா சொல்லிக் கொடுப்பார். செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா எலுமிச்சம்பழத்தோடு கோயிலுக்குள் போவாள். வெளியே தெருவில் பையன் பாடத்தை ஒப்பிக்க வேண்டும். யாரிடம்? முழுநேர வேலை என்று எதுவும் இல்லாத, பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற, பி.காம். படித்த தாய்மாமனிடம். அம்பத்தூரிலிருந்து இதற்காகவே வாரா வாரம் பஸ் ஏறி வந்தேன்.

முதல் வாரம்: வரவும் பற்றும்

"மாமா, அந்த டீச்சர் இலக்கணத்தையே ஆரம்பிக்கலை. முதல் பாடமே வாசப்படிதான்!" என்றான்.

துருக்கியில் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே போட்டுக்கொள்ள வீட்டுக்காரர்களே தனிச் செருப்பு கொடுப்பார்கள். அதற்கு 'தெர்லிக்' என்று பெயர். வீட்டுக்காரர் "ஹோஷ் கெல்தினிஸ்" என்பார். 'நல்லபடியா வந்தீங்க' என்று அர்த்தம். உடனே நாம் "ஹோஷ் புல்துக்" என்று சொல்ல வேண்டும். 'நல்லபடியா கண்டோம்' என்று அர்த்தம். சும்மா சிரித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் கணக்கு பாக்கி!

எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுத்த இரட்டைப் பதிவு முறை இதேதான். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். துருக்கி மரியாதையும் அப்படித்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிர்வார்த்தை ஒன்று ரெடியாக இருக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? "வாங்க வாங்க" என்கிறோம். வந்தவர் பதிலுக்கு "ம்ம்..." என்கிறார். அதிகபட்சம், "என்ன, இளைச்சிட்டீங்க!"

இலக்கணமும் பயப்படுகிற மாதிரி இல்லை. வினைச்சொல் நம் தமிழ் மாதிரியே வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபுகளைப் பின்னால் ஒட்டிக்கொண்டே போகலாம். 'எவ்' என்றால் வீடு. 'எவ்தே' வீட்டில், 'எவ்தென்' வீட்டிலிருந்து, 'எவே' வீட்டுக்கு. நீ, நீங்க என்கிற வித்தியாசமும் உண்டு. 'சென்' என்றால் நீ. 'சிஸ்' என்றால் நீங்க. அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஓ' என்று ஒரே சொல். எழுத்தைப் பற்றியும் கவலையில்லை. 1928-ல் அதாதுர்க் அரபு எழுத்தை விட்டுவிட்டு இங்கிலீஷ் எழுத்துக்களை ஒட்டிய புது நெடுங்கணக்கைக் கொண்டு வந்துவிட்டார்.

புள்ளி வைக்காத 'ஐ' என்று ஒரு எழுத்து இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் அதை உச்சரிக்கத் தலைகீழாக நிற்கிறார்களாம். நம் பையன் முதல் தடவையே சொல்லிவிட்டான். டீச்சருக்கு ஆச்சரியம். வேறு ஒன்றுமில்லை, 'காது', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் ஒரு உகரம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். எட்டாம் வகுப்பில் நாம் திட்டிக்கொண்டே படித்த குற்றியலுகரம் அங்காராவில் காப்பாற்றுகிறது!

இந்த ஒற்றுமையைப் பார்த்துவிட்டுத்தான் கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை 'சித்திய' மொழிகளோடு உறவு சேர்க்கப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் துருக்கியும் உண்டு. பின்னால் வந்த மொழி அறிஞர்கள் அந்தச் சம்பந்தத்தை ஏற்கவில்லை. சம்பந்தம் கூடாவிட்டால் என்ன, ஜாதகப் பொருத்தம் நன்றாகவே இருக்கிறது.

இரண்டாம் வாரம்: கைக்கு ஆரோக்கியம்

கோயில் தெருவில் பூக்கட்டும் அம்மாக்கள், பழக்கடை, குங்குமக் கடை, டீக்கடை. காலை ஏழு மணிக்கே எல்லோரும் சுறுசுறுப்பு.

"மாமா, துருக்கியில இவங்களை யாரும் சும்மா தாண்டிப் போகமாட்டாங்க. 'கொலாய் கெல்சின்'னு சொல்லிட்டுத்தான் போவாங்க."

'சுலபமா வரட்டும்' என்று பொருள். ரோடு போடுகிறவர், மூட்டை தூக்குகிறவர், வாசல் பெருக்குகிறவர், கம்ப்யூட்டர் தட்டுகிறவர் என்று வேலை செய்துகொண்டிருக்கிற யாராக இருந்தாலும் சரி. தெரிந்தவரோ தெரியாதவரோ, வேலை சுலபமாக முடியட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம்.

நான் யோசித்துப் பார்த்தேன். வேலை செய்கிறவரைப் பார்த்து நாம் வழக்கமாகச் சொல்வது, "இன்னும் முடியலையா?"

அடுத்தது சாப்பாடு. சமைத்துப் போட்டவரிடம் "எல்லெரினிஸே சாலுக்" என்று சொல்ல வேண்டும். 'உங்க கைக்கு ஆரோக்கியம்!' பதிலுக்கு அவர் "ஆஃபியெத் ஓல்சுன்" என்பார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும் என்கிற மாதிரி.

"கைமணம்னு நாம சொல்றோமே, அது மாதிரியா?" என்று கேட்டேன்.

"நாம கையைப் பத்தி சொல்றோம் மாமா. அவங்க கைகிட்டயே சொல்றாங்க."

இதை அவன் வீட்டிலும் சொல்லிப் பார்த்தான். சாதாரண வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிட்டு எழுந்து, "அம்மா, உன் கைக்கு ஆரோக்கியம்" என்றான். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னடா, பணம் ஏதாவது வேணுமா?" என்றாள்.

ஆனால் அன்று ராத்திரி அவளே ஆயாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தாளாம். ஆயா என்றால் அக்காவின் மாமியார். பையனின் அப்பாவைப் பெற்ற அம்மா. எழுபத்தெட்டு வயசு. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.

டீ விஷயத்தில் மட்டும் உஷார்! துருக்கி டீயில் பால் கிடையாது. நடுவில் இடுப்பு ஒடுங்கின சின்னக் கண்ணாடி கிளாஸில், பக்கத்தில் சர்க்கரைக் கட்டியோடு வரும். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் வாயைத் திறக்க வேண்டாம். ஸ்பூனை கிளாஸ் மேல் குறுக்கே வைத்துவிட்டால் போதும். கல்யாணப் பந்தியில் நாம் இலையை மடிக்கிறோமே, அந்த மாதிரி.

மூன்றாம் வாரம்: நான் 'தாயு' ஆனேன்

அன்று பையன் என்னைப் பார்த்ததும், "தாயு!" என்று கூப்பிட்டான். பூக்கடை அம்மா திரும்பிப் பார்த்தார். ஆம்பளையைப் போய் தாயி என்கிறானே!

தாயு என்றால் துருக்கியில் தாய்மாமன்.

இங்கிலீஷில் 'அங்கிள்' என்ற ஒரே சாக்கில் சித்தப்பா, மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர், எல்.ஐ.சி. ஏஜெண்ட் எல்லோரையும் போட்டுக் கட்டிவிடலாம். துருக்கியில் முடியாது. அம்மாவோடு பிறந்தவர் தாயு. அப்பாவோடு பிறந்தவர் அம்ஜா. அம்மாவின் சகோதரி தெய்ஸே, அப்பாவின் சகோதரி ஹாலா. அண்ணன் மனைவி யெங்கே. அண்ணன் ஆபி, அக்கா ஆப்லா.

இதில் முக்கியமான விஷயம், இவை வீட்டுக்குள் மட்டும் புழங்கும் சொற்கள் இல்லை. பஸ் டிரைவர் ஆபி. காய்கறி விற்கிற அம்மா தெய்ஸே. நாம் ஆட்டோக்காரரை "அண்ணே" என்றும், பூக்காரம்மாவை "அக்கா" என்றும் கூப்பிடுவது போலவே. ஆபீசில் மட்டும் பெயருக்குப் பின்னால் ஆண்களுக்கு 'பெய்', பெண்களுக்கு 'ஹானும்' சேர்க்க வேண்டும். நாம் சார், மேடம் ஒட்டுகிற மாதிரி. அதையும் சொந்தப் பெயரோடுதான் சேர்க்கிறார்கள். குடும்பப் பெயரோடு இல்லை. 1934-ல் சட்டம் போட்ட பிறகுதான் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்பா பெயரை இனிஷியலாக்கி ஓட்டுகிற நமக்கு இது நன்றாகவே புரியும்.

தாய்மாமன் பெருமையைப் பேச மாங்காட்டை விட்டால் வேறு இடம் ஏது? காமாட்சி கோயிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. வெள்ளீஸ்வரர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில். தங்கை கல்யாணத்துக்கு அண்ணனாக சீர் கொண்டு வந்த பெருமாள் இவர். கையில் மோதிரத்தோடு காட்சி தருகிறார். "பாருடா, எல்லா ஊரிலும் செலவு அம்மா கூடப் பிறந்தவனுக்குத்தான்" என்று மருமகனிடம் சொன்னேன். குறிப்பை அவன் கவனிக்கவில்லை. அன்றைய டிபனுக்கும் நான்தான் பில் கொடுத்தேன்.

இன்னொரு எச்சரிக்கை, தலையாட்டுவது! நாம் ஆமாம் என்றும் இல்லை என்றும் இரண்டுக்கும் நடுவிலும் ஒரே மாதிரி தலையை ஆட்டுகிற ஜாதி. அங்கே தலையை லேசாக மேலே தூக்கி, புருவத்தை உயர்த்தி, நாக்கால் 'ச்' கொட்டினால் 'இல்லை'. கொட்டுகிற 'ச்' நமக்குப் பழக்கமானதுதான். "சாப்ட்டியா?" என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் பதில் சொல்வதும் அதே 'ச்'தானே! தலையைத்தான் கட்டிப்போட வேண்டும்.

நான்காம் வாரம்: இருந்தானாம், நின்னாளாம்

இந்த வாரம் பையன் முகம் வாட்டம். "'மிஷ்'னு ஒண்ணு மாமா. மண்டை காயுது."

துருக்கியில் இறந்த காலம் இரண்டு வகை. நேரில் பார்த்ததற்கு ஒரு விகுதி. கேள்விப்பட்டதற்கு ஒரு விகுதி. 'கெல்தி' என்றால் வந்தான், நானே பார்த்தேன். 'கெல்மிஷ்' என்றால்...

"வந்தானாம்!" என்றது ஒரு குரல். ஆயா!

அன்று ஆயாவும் கோயிலுக்கு வந்திருந்தாள். கால் வலி என்று எங்களோடு நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு வரை படித்த ஆயா, வெளிநாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுகிற இடத்தை ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டாள்.

மாங்காட்டுத் தலபுராணம் முழுக்க 'மிஷ்'தானே! கைலாயத்தில் அம்பாள் விளையாட்டாக ஈசுவரன் கண்ணைப் பொத்தினாளாம். உலகமே இருண்டு போச்சாம். பூமிக்குப் போய்த் தவம் பண்ணு என்றாராம். மாங்காட்டுக்கு வந்து அஞ்சு அக்கினி வளர்த்து, நடு நெருப்பில் ஒத்தைக் காலில் நின்னாளாம். அப்புறம்தான் காஞ்சிபுரம் போனாளாம். ஆதிசங்கரர் வந்து இங்கே ஸ்ரீசக்கரம் வெச்சாராம். எட்டு வகை மூலிகையால் ஆனது என்பதால் அதற்கு அபிஷேகம் கிடையாது. குங்கும அர்ச்சனைதான். கடைசி இரண்டுக்கு 'ஆம்' போடவில்லை, கவனித்தீர்களா? நாமே பார்க்கிறோமே!

துருக்கியில் பாட்டிமார் கதை சொல்ல ஆரம்பிக்கும்போது, "பிர் வார்முஷ், பிர் யோக்முஷ்" என்பார்களாம். 'ஒண்ணு இருந்துச்சாம், ஒண்ணு இல்லையாம்.' நம் ஊரில் ஒரே ஒரு ராஜா இருந்தானாம். பேரப்பிள்ளைகளைத் தூங்க வைக்க எல்லாப் பாட்டிகளுக்கும் ஒரு 'ஆம்' தேவைப்படுகிறது.

கண் திருஷ்டியும் அங்கே உண்டு. கடை, வீடு, கார், கைக்குழந்தையின் சட்டை என்று எங்கும் நீலக்கண் வரைந்த கண்ணாடி மணி ஒன்று தொங்கும். 'நஸர் போன்ஜுக்' என்று பெயர். "அப்போ எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்ட மாட்டாங்களா?" என்று ஆயா கேட்டாள். மாட்டார்கள். "பாவம், காரமே இல்லாம எப்படித் திருஷ்டி போகும்?" என்று கவலைப்பட்டாள்.

கத்தியையும் கத்தரிக்கோலையும் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்வார்கள். இதுவும் நம் வீட்டுச் சட்டம்தான். ரொட்டித் துண்டு தரையில் விழுந்தால் எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி, காலில் படாத உயரத்தில் வைப்பார்கள். நாம் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே.

ஒன்றே ஒன்றில் மட்டும் நேர்மாறு. முடி வெட்டிக்கொண்டோ, குளித்துவிட்டோ வருகிறவரைப் பார்த்து அவர்கள் "ஸுஹ்ஹத்லெர் ஓல்சுன்" என்று வாழ்த்துவார்கள். 'ஆரோக்கியமா இரு!' முடி வெட்டிக்கொண்டு வந்தவனுக்கு நம் வீட்டில் கிடைக்கும் ஒரே வாழ்த்து: "அங்கேயே நில்லு! எதையும் தொடாம பின்பக்கமா போய்க் குளி!"

ஐந்தாம் வாரம்: அக்காவின் கோபம்

பெண் பார்க்கும் படலத்தில் ஆரம்பித்தது. துருக்கியிலும் பையன் வீட்டார் பெண் கேட்டு வருவார்கள். பெண்தான் காபி போட்டுக் கொண்டு வர வேண்டும். சின்னக் கோப்பையில் நுரையோடு, அடியில் மண்டி தங்குகிற காபி. யுனெஸ்கோ 2013-ல் கலாசாரச் சொத்துப் பட்டியலில் சேர்த்த காபி. மாப்பிள்ளை கோப்பையில் மட்டும் பெண் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிடுவாள். முகம் சுளிக்காமல் குடித்தால் பொறுமைசாலி!

"கூட கேசரி உண்டா?" என்றாள் அக்கா ஆர்வமாக.

அங்கேதான் பையன் தயங்கினான். ரவையை வெண்ணெயில் வறுத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறுகிற பண்டம் அங்கேயும் இருக்கிறது. 'இர்மிக் ஹெல்வா' என்று பெயர். கலர்ப்பொடி போடாத கேசரி. ஆனால் அதை முக்கியமாகக் கிளறுவது ஒருவர் இறந்து போனால்! போனவர் நினைவாகக் கிளறி, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள்.

"கர்மம்! கேசரியையா?" என்றாள் அக்கா.

அவன் அடுத்த பாடத்துக்குப் போனான். உடம்பு சரியில்லாதவரிடம் "கெச்மிஷ் ஓல்சுன்" என்று சொல்ல வேண்டும். 'கடந்து போனதாக இருக்கட்டும்.' இந்த 'சின்', 'சுன்' எல்லாம் நம்முடைய 'ட்டும்'தான். கெல்சின், வரட்டும். ஓல்சுன், ஆகட்டும். துருக்கி மரியாதையில் பாதி இந்த 'ட்டும்' மேல்தான் நிற்கிறது.

"சாவு வீட்டுல 'பாஷுனுஸ் சா ஓல்சுன்'னு சொல்லணும். உங்க தலை நல்லா இருக்கட்டும்னு அர்த்தம். அதுக்குப் பதில் 'தோஸ்த்லார் சா ஓல்சுன்'. நண்பர்கள் நல்லா இருக்கட்டும்..."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஊருக்குக் கிளம்பற நேரத்துல இதை ஏன்டா படிக்கறே? நல்ல வார்த்தையா நாலு படியேன். அந்த டீச்சருக்கு வேற பாடமே இல்லையா?"

பையன் புத்தகத்தை மூடிவிட்டான். எனக்கு மட்டும் ஒன்று உறைத்தது. துக்க வீட்டில் சொல்ல நம்மிடம் வார்த்தையே கிடையாது. போகிறோம், கையைப் பிடித்துக்கொள்கிறோம், உட்காருகிறோம். எழுந்திருக்கும்போது, எங்கே போனாலும் சொல்கிற 'போயிட்டு வரேன்' அங்கே மட்டும் கூடாது. சொல்லாமல் கிளம்பிவிட வேண்டும். தமிழ் படிக்க வருகிற ஒரு வெள்ளைக்காரருக்கு இதை எந்தப் புத்தகம் சொல்லிக் கொடுக்கும்? விடைபெறும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லப் படித்துக்கொண்டு, அதைச் சாவு வீட்டில் போய் சொன்னால் இலக்கணம் சரி. மற்றதெல்லாம் தப்பு. மொழி என்பது வார்த்தை இல்லை, வார்த்தையின் நேரம்.

ஆயா அன்று ஒன்றும் சொல்லவில்லை. "அது என்னடா... தலை நல்லா இருக்கட்டுமா?" என்று மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டாள்.

ஆறாம் வாரம்: ஒரு சொம்புத் தண்ணீர்

ஆறு பழமும் முடிந்தது. விசாவும் வந்துவிட்டது. கிளம்புகிற நாள்.

புறப்படுகிறவருக்கு துருக்கியில் என்ன சொல்வார்கள்? போகிறவர் சொல்வது "ஹோஷ்ச்சா கால்". 'நல்லபடியா இரு.' இருக்கிறவர் சொல்வது "க்யுலே க்யுலே". 'சிரிச்சிக்கிட்டே, சிரிச்சிக்கிட்டே' போ! வண்டி நகர்ந்ததும் வீட்டிலிருப்பவர் பின்னாலேயே ஒரு பாத்திரத் தண்ணீரைத் தெருவில் ஊற்றுவார். 'தண்ணி மாதிரி தடையில்லாம போ, தண்ணி மாதிரி தடையில்லாம வா' என்று அர்த்தம்.

இதைப் பையன் கேட்ட நாளிலிருந்தே மனசில் ஒரு முடிவு வைத்திருந்திருக்கிறான். வாசலில் டாக்ஸி நின்றது. பக்கத்து வீட்டு அம்மாவை நிறைகுடத்தோடு எதிரே வரச் சொல்லி அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். ஆயா வழக்கம்போல உள் அறையில். தாத்தா போனதிலிருந்து, யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் ஆயா எதிரே வரமாட்டாள். யாரும் அவளைப் போ என்று சொன்னதில்லை. வா என்று கூப்பிட்டதும் இல்லை.

பையன் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போனான். ஆயாவின் கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். துருக்கியில் பண்டிகை நாளில் பெரியவர்களிடம் ஆசி வாங்குவது இப்படித்தான். "ஆயா, நீதான் தண்ணி ஊத்தணும்" என்றான்.

"நான் எதுக்குடா கண்ணு... அந்த அம்மா நிக்கிறாங்களே."

"அவங்க எதிர்ல வருவாங்க. நீ பின்னால ஊத்து. அந்த ஊர்ல பெரியவங்கதான் ஊத்துவாங்களாம்."

'ஊத்துவாங்களாம்.' மிஷ்! கேள்விப்பட்டதுதான். ஆனால் அந்த 'ஆம்' ஒரு பழைய கதவைத் திறந்தது. அக்கா ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் அவளே சமையலறைக்குப் போய்ப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து மாமியார் கையில் கொடுத்தாள்.

டாக்ஸி நகர்ந்தது. ஆயா தெருவில் இறங்கி, சொம்பை இரண்டு கையாலும் சரித்தாள். பாதித் தண்ணீர் அவள் காலிலேயே விழுந்தது. "தண்ணி மாதிரி போய்ட்டு தண்ணி மாதிரி வா கண்ணு" என்றாள். எதிர்வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்னம்மா, வாசல் தெளிக்கிறீங்களா, இந்நேரத்துல?" என்றார்.

புர்சாவில்...

போன புதிதில் பையன் தினமும் பேசுவான். அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். தொழிற்சாலையில் முதல் நாள் மெஷின் பக்கம் போய் "கொலாய் கெல்சின்" என்றானாம். வயசான ஃபிட்டர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தோளில் தட்டி, டீ வாங்கிக் கொடுத்தாராம். அவரை இவன் 'ஆபி' என்றுதான் கூப்பிடுகிறான். வீட்டுக்காரம்மா 'தெய்ஸே'. ஜுரம் வந்தபோது அந்த அம்மா பருப்பு சூப்போடு வந்து "கெச்மிஷ் ஓல்சுன்" என்றாராம்.

நாலாவது மாசம் ஆயா போய்விட்டாள். தூக்கத்திலேயே. காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் எடுத்தோம். லீவு வாங்கி, டிக்கெட் வாங்கி, விமானம் மாறி, சுமார் 6,000 கிலோமீட்டரைத் தாண்டி அதற்குள் அவன் வந்து சேர வழியில்லை. செல்போனில் ஆயா முகத்தைக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி கூப்பிட்டான். அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம்.

வேலைக்குப் போன இடத்தில் ஒவ்வொருத்தராக வந்து கையைப் பிடித்து, "பாஷுனுஸ் சா ஓல்சுன்" என்றார்களாம். ஃபிட்டர் ஆபி கட்டிப் பிடித்துக்கொண்டாராம். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் தெய்ஸே. கையில் மூடி போட்ட தட்டு. துக்கம் நடந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டு வருவது அங்கேயும் உண்டு. இவனுக்கோ அங்கே வீடு என்று யாருமில்லை. அதனால் அந்த அம்மாவே ஆயா பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் நினைவாக ஹெல்வா கிளறி, மாடிக்கு மாடி கொடுத்துவிட்டு, இவன் பங்கைக் கொண்டு வந்திருக்கிறார்.

"கேசரிதாம்மா. கலர் மட்டும் இல்லை. சூடா இருந்துச்சு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் தலை நல்லா இருக்கட்டும்னு சொன்னாங்களே, பதிலுக்கு நீ சொன்னியாடா? அந்த நண்பர்கள்... என்னமோ வருமே?"

"சொன்னேம்மா. தோஸ்த்லார் சா ஓல்சுன்."

"சரி." கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அக்காதான் கேட்டாள்:

"அந்தம்மா கைக்கு ஆரோக்கியம் சொன்னியா?"